சம்பவ இடம்

முப்பத்தோரு வருடமாக இந்தச் சொல்லைக்
கழுவித் துடைத்து வைத்திருந்தேன்.
சம்பவ நேரம். சம்பவ இடம்.
சம்பவத்தன்று எதிரி அணிந்திருந்த சட்டை.
பாந்த்ரா கோர்ட்டில் தாராவி வழக்கு எது வந்தாலும்
தமிழுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
சத்தியம் செய்திருக்கிறேன்:
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்,
சொன்னதைச் சொன்னபடி.

அன்று கூண்டில் நின்றவன் ஜெபஸ்டின்.
பத்தொன்பது வயது.
ஒரு புருவத்தில் கோடு கிழித்திருந்தான்.
அவன் போனிலிருந்து எடுத்தது ஒரே ஒரு வரி:
"நைட்டு ஒம்போதுக்கு சம்பவம் இருக்கு,
எவனும் மிஸ் பண்ணாத."
ஒன்பதே காலுக்குத்
தொண்ணூறடி ரோட்டில்
பன்னீர்ராஜ் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் எரிந்தது.

மாஜிஸ்திரேட் மராட்டிக்காரர்.
"சம்பவம் என்றால், சாத்தியம்தானே?"
இல்லை ஐயா, அது உங்கள் சம்பவ்.
சமஸ்கிருதத்தில் பிறப்பு என்றார் ஒரு வக்கீல்,
யாரும் கேட்காமலே.
எங்கள் கோர்ட்டுத் தமிழில், என்று நான் ஆரம்பிக்க
பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்:
"டான்ஸுக்கா! கல்யாண ஹால்ல
எங்க டீமு டான்ஸுக்கா!"

எனக்குத் தெரியும்.
தெரிந்ததுதான் என் எரிச்சல்.

போன வாரம் அவள் அப்பாவின் திதி.
பாயசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு
"மரண டேஸ்ட்டும்மா!" என்றாள் என் மகள்,
மாலை போட்ட படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து.
கரண்டியை நான் வைத்த சத்தத்தில்
எதிர்வீட்டு ஷிண்டே கதவைத் திறந்து பார்த்தார்.
சூப்பர்னு அர்த்தம்மா, என்று விளக்கம் வேறு.
யாரையோ ஓட்டினேன் என்கிறாள், வண்டி இல்லாமல்.
பல்பு வாங்கினேன் என்கிறாள்,
வீட்டில் எரிவது என் வயிறு.
இத்தனைக்கும் அவள் வயதில் நான்
எதற்கெடுத்தாலும் தூள் என்று திரிந்தவள்.
மிளகாய்த் தூளா, மஞ்சள் தூளா என்று
என் அப்பா கேட்டது
கோர்ட்டில் வைத்து ஞாபகம் வந்திருக்க வேண்டாம்.

"கோமதி மேடம்?" என்றார் மாஜிஸ்திரேட்.
சொன்னதைச் சொன்னபடி சொன்னால்
பையன் உள்ளே போவான்.

"எங்கள் தமிழில் அது நடந்த குற்றம்.
இவன் தமிழில்,
பார்க்கிறவர்கள் வாய்பிளக்கும்படி
எதையாவது செய்துகாட்டுவது."
எந்த அகராதியில் இருக்கிறது என்றார் அரசு வக்கீல்.
என் வீட்டில், என்றேன்.
பாயசத்தையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சிப்பாய் சிரித்தான்.
டைப்பிஸ்ட், மரணத்துக்கு எத்தனை ஏ என்று கேட்டாள்.
வாசல்படி ஏறக் கூடாது என்று நான் விரட்டிய சொற்களுக்கு
நானே ஜாமீன் கையெழுத்துப் போட்டுக்கொண்டு
முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றேன்.

கல்யாண வீடியோவைக் கொண்டுவரச் சொல்லிப்
பதினெட்டாம் தேதிக்குத் தள்ளிவைத்தார்.
வராந்தாவில் பையனின் அம்மா
ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
அவன்தான், கான்ஸ்டபிளின் தோளுக்கு மேலாக,
"யக்கா, உள்ள சம்பவம் பண்ணிட்டீங்க!"
வாயை மூடு, என்றேன்.
மனதாரத்தான் சொன்னேன்.

மூன்று மணிக்கு அடுத்த கேஸ். கத்திக்குத்து.
குற்றப்பத்திரிகையைத் தமிழாக்கித் தர வேண்டும்.
சம்பவ இடம்: மாஹிம் பாலத்துக்குக் கீழ்,
என்று கை பாட்டுக்கு எழுதியது.
பாலத்துக்குக் கீழ்
புருவத்தில் கோடு கிழித்த நாலைந்து பேர்
வரிசை கட்டி ஆடத் தொடங்கினார்கள்.

பேனாவை உதறினேன்.
இரண்டு முறை அடித்துவிட்டு
நடந்த இடம், என்று எழுதினேன்.