அரைநாள்

பத்து ஐம்பதுக்கு நேசமலர் விழுந்தா.
விழுந்தா எண்டும் சொல்லேலாது.
பிடுங்கின வெங்காயம் மடியில கிடக்க
வரம்பில மெல்லச் சாய்ஞ்சா,
கதியாலில காயப்போட்ட சீலை சரியிறமாதிரி.

வேர்வை இல்லை. அதுதான் பயமாக் கிடந்தது.
கன்னத்தைத் தொட்டன்:
புன்னாலைக்கட்டுவன் செம்மண்ணின்ர சூடு.
"மணி என்ன பிள்ளை, ஏழோ?" எண்டு கேட்டா
உச்சிக்கு ஏறிற சூரியனைப் பார்த்து.

பன்னிரண்டு பெண்டுகள். ஒரு பனை.
பனை நிழல் தெரியும்தானே,
ஒராள் நிண்டால் மற்றாளுக்கு மிச்சமில்லை.
மோட்டர்க் கொட்டிலுக்குள்ள
உரமூட்டையும் மருந்துப் போத்தலும்.
நிழல் எண்டு கிடந்தது
மிளகாய் நாற்றுமேடைக்கு மேல,
நாலு தடியில கட்டின பச்சை வலை.
இளங்கண்டு, வெயில் தாங்காது.

தாங்காது.
அந்தச் சொல்லை நான்தான் எழுதினனான்
கணக்குக் கொப்பியில,
வலை வாங்கின அண்டு, விலைக்குப் பக்கத்தில.

யோகவதி கயிற்றை அறுத்தா.
கத்தி இல்லை, பல்லால.
வெங்காயப் பாத்திகளுக்கு மேலால
ஒரு பச்சைக் குளம் எழும்பி நடந்து வந்தது.
கழுத்திலயும் கக்கத்திலயும் ஈரச் சாக்கு.
தலைக்கு மேல வலையைப் பிடிச்சபடி கைகள்.
நானும் ஒரு முனையைப் பிடிச்சன்.
பிடிக்க, கொப்பியை மண்ணில வைக்கவேண்டி வந்தது.

ஓட்டோ தெல்லிப்பழைக்குப் போச்சு.

பின்னேரம் குகதாசன் அண்ணை வந்தார்.
முதல் நாற்றைப் பார்த்தார்.
"இருநூறு கண்டு வாடிப்போச்சு."
பிறகு, கெட்ட மனிசன் இல்லை,
"அவவுக்கு இப்ப எப்பிடி?"
பிறகு, "அரைநாள் போடு."

கொப்பியில பேருக்கு ஒரு கோடு, கூலிக்கு ஒரு கோடு,
குடுத்த முற்பணத்துக்கும் ஒரு கோடு.
வெயிலுக்கு ஆரும் கோடு கீறேல்லை.

அடுத்தநாள் விடியப்பறம் நாலரை.
தோட்டத்தில பதினொரு ரோச்.
நான் வரமுதலே
மூண்டு பாத்தி பிடுங்கியாச்சு.
"பத்து மணிக்கு ஏறுவம். முழுநாள் போடு,"
யோகவதி நிமிரேல்லை.
"வலை?"
"எங்களோட நிக்கட்டும்.
கண்டுக்கு வேற வாங்கச் சொல்லு."

பத்துக்கு ஏறிப் போயிட்டினம்.
வெறும் பாத்திக்குள்ள வெயில்
வேலைக்கு ஆள் தேடிக்கொண்டு நிண்டது.

கொப்பியை விரிச்சன்.
நேசமலருக்கு நேர அரை, பென்சிலால.
அழிறப்பர் இல்லை.
எச்சில் தொட்டு விரலால தேய்க்க
தாள் நைஞ்சுபோச்சு.
நைஞ்ச இடத்தில
ஒண்டு எண்டு அழுத்திப் போட்டன்.

அண்ணை கேட்பார்.
என்ன சொல்லிறதெண்டு
இன்னும் யோசிக்கேல்லை.