பதினோராம் அறை கேட்ட ஆறு

பாபு ராவ் தெருவில் எங்கள் லாட்ஜுக்குப்
பதினெட்டு அறை, ஒரு லிஃப்ட்.
லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது.
சமைத்துக்கொள்ள அடுப்பு வாடகைக்கு உண்டு.
மாலையில் கடுகெண்ணெய் காயும்போது
இது வேலூர்தானா என்று
வேலூர்க்காரிக்கே ஒரு கணம் தட்டும்.

நான் எழுதுவது ஒரே நோட்டு:
பெயர், வயது, எத்தனை பேர்,
நிரந்தர முகவரி, வந்த காரணம்.
காரணம் எப்போதும் சிகிச்சை.
முதல் வரியில் மட்டும் எழுதிவிட்டு
மேற்படி, மேற்படி என்று இறங்கிப் போவேன்.

முகவரிதான் மாறும்.
லுங்லே. ஹாஃப்லாங். துப்ரி.
பூடானில் ஹா என்றொரு ஊர்,
கொட்டாவி முடிவதற்குள் எழுதிவிடலாம்.
இரவு பதினொன்றுக்கு மேல் கவுன்ட்டரில்
ஒவ்வொன்றாய்ப் போனில் தட்டிப் பார்ப்பேன்.
மேகத்துக்கு மேலே ஒரு பள்ளிக்கூடம்.
மூங்கில் பாலத்தில் சைக்கிள் தள்ளும் தபால்காரர்.
வடக்கே காட்பாடி ஜங்ஷன்,
மேற்கே ஆம்பூரில் நாத்தனார் வீடு,
அதைத் தாண்டாத கால்கள் எனக்கு.

கார்த்திகையில் வந்தான் நிரேன் பெகு.
முகவரி மாஜுலி, ஆற்றுக்கு நடுவே தீவு.
மனைவி வார்டில்.
நாலாம் நாள் போனை நீட்டினான்.
வரைபடத்தில் ஒரு நீலக் கோடு.
நதி கிதர் ஹை, தீதி?

எங்கள் ஊருக்கு ஒரு சொலவடை உண்டு.
தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தேன்:
ராஜா இல்லாத கோட்டை,
மரம் இல்லாத மலை,
சாமி இல்லாத கோயில்
(சாமி திரும்பி வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது,
சொலவடைக்குத்தான் இன்னும் சேதி போகவில்லை),
தண்ணி இல்லாத ஆறு.
ஐந்தாவது பெண்களைப் பற்றியது.
அதை மொழிபெயர்க்கவில்லை.
கட்டினவன் மூஞ்சியைப் பார்த்திருந்தால் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன்.
விருந்தாளிக்குக் காலித் தட்டு வைக்கிற கூச்சம்.
சீமைக்கருவேலம், லாரித் தடம்,
கோழிக்கடை மூட்டைகள்,
அதற்கப்பால் வெயில், வெறும் மணல்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டான்.

எங்கள் ஆறு
என் வீட்டை மூன்று தடவை தின்றது, தீதி.
இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாது.
ஆற்றின் முதுகில் நான் நின்றதேயில்லை.

சத்தமாய் எண்ணிக்கொண்டே நடந்தான்.
முந்நூறுக்குப் பிறகு எண்ணுவதை விட்டான்.
நடு ஆற்றில் மண்டியிட்டு
இரண்டு கையாலும் தோண்டினான்.
முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது.
இன்னும் கொஞ்சம்.
கண் திறக்கிற மாதிரி
கலங்கலாய் ஒரு கை தண்ணீர்.
சோ ரஹா ஹை என்றான்,
தொட்டிலுக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில்.
தூங்குகிறதாம்.

முப்பத்தாறு வருஷம்
பாலத்தின் மேல் பஸ்ஸில் போனவள் நான்.
ஜன்னலோரம் இடம் கிடைத்தால்
மூக்கைப் பொத்திக்கொண்டவள்.
கீழே இறங்க ஒரு வழி இருப்பது
அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த வாரம்
டாக்டரிடம் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கி
மனைவியை ஆட்டோவில் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறான்.
அவள் பெயர் ஜுன்மோனி.
முகக்கவசத்துக்கு மேலே
கண்கள் மட்டும் சிரித்துக்கொண்டு வந்தாள்.
ஸ்கேன் உறைக்குள் ஒரு பிடி மணல்.
படியெல்லாம் உதிர்ந்தது.
துடைத்தவள் திட்டினாள், எந்த மொழியிலும் புரிகிற மாதிரி.

தை பிறந்து கிளம்பினார்கள்.
எத்தனை பேர் என்ற கட்டத்தில்
வந்தபோது இரண்டு, போகும்போது இரண்டு.
எழுதும்போது அந்தத் தேய்ந்த பேனா
திக்காமல் எழுதியது.

நேற்று ஒரு பெண், லுங்லேக்காரி.
பயாப்ஸி முடிவுக்கு இன்னும் மூன்று நாள்.
இங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா என்றாள்.
கோட்டை, தங்கக் கோயில் என்று
வாய் பழக்கத்தில் தொடங்கியது.
நிறுத்தினேன்.

ஆறு இருக்கிறது என்றேன்.
பழைய செருப்பாய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.