இரண்டு மணி

என்ன பெயர் எழுத, என்று ஹிந்தியில் கேட்டான் பேக்கரிப் பையன்.
பொழில், என்றேன்.
ஆணா பெண்ணா?
பெண். ஆறு முடிகிறது.
கோனைப் பிதுக்கி அவன் எழுதியதில்
ழ வழுக்கி ஸ ஆகிவிட்டது.
போகட்டும்.
ஹாலிஃபாக்ஸில் அவள் டீச்சருக்கும் அப்படித்தான் வருகிறதாம்.
எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற பிள்ளை.

ஆறு மெழுகுவத்தி தீர்ந்துவிட்டது,
ஒன்பதைக் கவிழ்த்து வையுங்கள் என்றான்.
திரி அடியில் போய்விடுமே.
வீட்டில் போன வருஷத்து ஐந்து இருந்தது.
பக்கத்தில் வைக்க ஒரு ஒன்று வாங்கிக்கொண்டேன்.

டோம்பிவிலி மேம்பாலத்தில்
மாலை ஆறரை நெரிசலில்
அரைக் கிலோவைத் தலைக்கு மேல் பிடித்து வந்தேன்.
முப்பத்துநாலு வருஷம் இந்தக் கூட்டத்தைக்
கடைசிப் பெட்டியிலிருந்து பார்த்தவன்.
கார்டு வேலை அது.
பன்னிரண்டு பெட்டிக்கு அப்பால் மோட்டார்மேன்;
முகம் தெரியாது.
இரண்டு மணி அடித்தால் கிளம்பு.
ஒன்று அடித்தால் நில்.
கேட்டது என்று அவனும் திருப்பி அடிப்பான்.
சிலரோடு பத்து வருஷம்
அப்படியே பேசியிருக்கிறேன்.

பிறந்தநாள் என்னவோ புதன்கிழமை.
பாயசம் வைத்தாள் செண்பகவல்லி.
அவள் பிறந்த நேரம் நம் கணக்கில் வியாழன் விடிகாலை
என்று நினைவு வந்து
வியாழனும் வைத்தாள்.
சர்க்கரை மாத்திரை இரண்டு நாளும் அதே ஒன்றுதான்.

வெள்ளி வங்கிக்குப் போனேன்.
நவம்பர்:
பென்ஷன்காரன் உயிரோடிருக்கிறான் என்று
விரல் வைத்துச் சொல்லும் மாதம்.
கட்டைவிரலை மூன்று முறை கருவி ஏற்கவில்லை.
ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்ன பெண்
கடைசியில்
சோம்வாரி யா, காகா, என்றாள்.
திங்கள் வரை பொறுக்கலாம்.

விழா சனிக்கிழமைக்கு. அங்கே அன்றுதான் எல்லோருக்கும் லீவு.
அவர்களுக்கு மத்தியானம் மூன்று,
எங்களுக்கு ஞாயிறு பிறந்து அரை மணி.
நள்ளிரவில் தலை வாரிப் பூ வைத்துக்கொள்கிறாள் இவள்.
எனக்கு மேலே இஸ்திரிச் சட்டை, கீழே லுங்கி.

முதலில் வெகுநேரம் ஒரு கூரை.
பிறகு யாருடைய முழங்கையோ, பலூன்,
மறுபடி கூரை.
தெரியறோமாப்பா?
தெரியறீங்க.
பிறகு முழுத் திரையும் ஒரு மூக்கு.
தாத்தா, ஆர் யூ தேர்?
இருக்கேன்மா, என்றேன். இருக்கேன்.
கேக்கைப் பார்த்துச் சிரித்தாள்:
ஃபிஃப்டி ஒன்னா!

பார்சல் போய்ச் சேர்ந்திருந்தது.
கல்யாண் கடையில் வாங்கிய விசில்,
உள்ளே பட்டாணி உருளும் கார்டு விசில்.
ஊதினாள்.
கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு தெரிந்தது,
பின்னால் பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள்.
எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.
இரைச்சல் என்று எண்ணி
போனே அதை வடிகட்டிவிடுமாம்,
மகன் சொன்னான்.
கேட்டுச்சா தாத்தா?

என்ன சொல்வது.
கைக்கு எட்டிய கரண்டியால்
எவர்சில்வர் டம்ளரில் அடித்தேன்,
இரண்டு.
அதுவும் அங்கே போனதோ இல்லையோ.
அவள் கிளம்பிவிட்டாள்,
கேக் வெட்டக் கூப்பிடுகிறார்கள்.
திரையில் திரும்பவும் கூரை.

ஊதியது நாங்கள் இருவரும்தான்.
ஒரு துண்டு வாட்ச்மேன் ஷிண்டேவுக்கு
அந்நேரத்துக்கே கொண்டு போனேன்.
யாருக்கு, என்றான்.
பேத்திக்கு என்றதும்
படியில் மேலும் கீழும் தேடிப் பார்த்தான்.

திரும்பி வரும்போது
கடைசி கர்ஜத் லோக்கல் போய்க்கொண்டிருந்தது.
கடைசிப் பெட்டி வாசலில் எவனோ ஒரு பையன்,
புதியவன்.
என்னைப் பார்த்திருக்க மாட்டான்.

சமையலறையில் குழாய்ச் சத்தம்.
ஐந்தைக் கழுவி, கிரீம் போகத் துடைத்து,
பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.
அடுத்த வருஷம் ஒரு ரெண்டு மட்டும்
வாங்கிட்டு வாங்க, போதும், என்றாள்.