க்விக்

பிப்ரவரிச் சேறு, லிங்கன்ஷயர் வயலோரம்.
முள்வேலி மடக்குகிறாள் திர்சா.
தண்டை முக்கால்வாசி வெட்டிச் சாய்க்கவேண்டும்.
ஒரு விரற்கடை பட்டை ஒட்டியிருந்தால் போதும்,
ஏப்ரலில் துளிர்த்துவிடும்.

"க்விக்! க்விக்!"
மேஸ்திரி ஸ்கிரிம்ஷாவுக்கு அது வேகம்.
இருட்டுமுன் இன்னும் நாற்பது கஜம்.

அவன் காலடியில் சாக்கு சுற்றிய நாற்றுக்கட்டு.
அதன் சீட்டிலும் அதே சொல்:
உயிர்வேலிக்கு, இருநூறு.

ஆயிரம் வருஷம் முன்பு இதே சேற்றில் நின்றவன் வாயில்
உயிரோடிருப்பது என்றுதான் பொருள்.
மாடு க்விக். கங்கு க்விக்.
பிணம் இல்லை.
உயிருள்ளது ஓடியது;
ஓட்டம் மட்டும் சொல்லில் தங்கிற்று.
ஞாயிறு ஜெபத்தில் மட்டும் இன்னும் பழைய பொருள்.
பின்வரிசைப் பையன் நினைத்துக்கொள்கிறான்:
வேகமாக ஓடுகிறவர்களுக்கும் செத்தவர்களுக்கும்
ஆண்டவர் தீர்ப்பளிப்பார்.

நகக்கண்ணில் முள்.
அந்தச் சதைக்கும் அதே பெயர்.
விரலை வாயில் வைத்து நிற்கிறாள் திர்சா.

அப்போதுதான்
கயிறு கட்டிய கோட்டுக்குள்
ஒரு தட்டு.
சற்று விட்டு, இன்னொன்று.

ஐந்தாம் மாதம். மருத்துவச்சி போன வாரமும் கேட்டாள்:
"க்விக்கா?"
உதட்டைப் பிதுக்கியிருந்தாள்.

"க்விக்!" வயலின் அந்தக் கோடியிலிருந்து குரல்.

"ஆமாம்" என்கிறாள்,
அசையாமல்.