டெயில் லைட் சிவப்பு

லாரிக்குப் பின்னால் கழுகும் தாமரையும்
"ஒலி எழுப்பு"ம் எழுதிப் பிழைக்கிறவன் நான்,
கிருஷ்ணகிரி பைபாசில் தகர ஷெட்.
பர்கூர் சாலைக் கோவிலிலிருந்து
மறைக்கல்வி சிஸ்டர் பெர்க்மான்ஸ்
ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்:
"இருபதடிச் சுவர். சின்ன வயசு இயேசு.
பெயின்ட் நாங்க வாங்கித் தர்றோம்."

ஏழு வயசில் என்ன செய்தார், கேட்டேன்.
எழுதலை என்றார்.
எட்டில்?
எழுதலை.
பன்னிரண்டில் ஒரே ஒரு தரம் காணாமல் போனார்,
அதோடு முப்பதுதான்.

இருபதடிச் சுவருக்கு இரண்டு வரி விஷயம்.
லோடு ஏற்றாமல் சேலம் போய்வரச் சொல்வதுபோல.

சரியென்று தச்சுப் பட்டறையில் ஆரம்பித்தேன்.
சூசையப்பர் பென்சிலைத் தேடுகிறார்,
இழைப்புளிக்கு அடியில், மரத்தூளுக்குள்,
மரியாள் புடைக்கிற கேழ்வரகு முறத்தில்கூட.
பென்சில் அவர் காதில்.
வாசலில் குந்தியிருக்கும் பையன்
பார்த்துவிட்டான்.
எல்லாம் அறிந்தவன்
வாயைத் திறக்கவில்லை.

"பிற்பாடு அரண்மனையில் நிறுத்தி விசாரிச்சப்பவும்
இதே வாய்தான்" என்றார் சிஸ்டர்,
சிரித்து முடித்து
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

பங்குப் பேரவை மதலைமுத்துவுக்குத்தான் குறை:
"ஒளிவட்டம் எங்கய்யா?"
டிபன் டப்பா மூடியைக் கவிழ்த்து வட்டம் போட்டேன்.
அடுத்த படத்தில் பையன்
கிளிமூக்கு மாமரத்தில் ஏறினான்.
வட்டம் கிளையில் மாட்டிக்கொண்டது.
ஆள் பாதி மரத்தில் தொங்க,
கீழே தோட்டக்காரன், கையில் கம்பு,
விரட்டுவதா முழங்கால் போடுவதா என்று புரியாமல்.

"ஆண்டவர் மாங்காய் திருடினாரா?"
"இன்னும் பறிக்கலைங்க. பாருங்க, கை காலி."
மதலைமுத்து கிட்டே போய்க் கையைப் பார்த்தார்.
டவுசர் பையைப் பார்க்கவில்லை.

மிச்சம் ஆறடி.
எருசலேம் நான் போனதில்லை.
சையத் பாஷா மலையைப் பின்னால் நிறுத்தி
முன்னால் பஸ் ஸ்டாண்டு போட்டேன்.
மூன்று நாள் தேடிய அம்மா,
கொண்டை அவிழ்ந்து, ஒற்றைச் செருப்போடு.
பையன் டைம் கீப்பர் மேசைமேல் உட்கார்ந்து
ஊத்தங்கரை வண்டி ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்று
நரைத்த தலைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.
ஒரு தலையிடமும் பதில் இல்லை.

"பார்த்ததும் அம்மா என்ன செய்தாங்க?"
"ஏன்டா இப்படிப் பண்ணினேன்னு கேட்டாங்க."
"அது வாய், சிஸ்டர். கை?"
முன்னும் பின்னும் புரட்டினார்.
கையைப் பற்றி எழுதலை.

பேரவை ராத்திரி ஒன்பதரை வரை பேசியது.
அணைக்கட்டும் என்றார்கள் ஆண்கள்.
பூசை முடிந்து வந்த பெண்களைக் கேட்டேன்.
இஞ்ஞாசியம்மா: "முதல்ல ஒண்ணு வெச்சிருப்பா."
ரெஜினா: "வெச்சிட்டுதான் கட்டிப் பிடிச்சிருப்பா."
சகாயராணி பேசவில்லை.
அவள் பையன் ஓசூர் கம்பெனிக்குப் போய்
நாலு மாசம், போன் இல்லை.
படியிறங்கியவள் திரும்பி வந்து சொன்னாள்:
"கையைப் பெரிசாப் போடுங்கண்ணா."

பெரிசாகவே போட்டேன்.
விரல் விரிந்து, தோளுக்கு மேலே தூக்கி,
அடிக்கவா அணைக்கவா என்று
அதற்கே தெரியாத உயரத்தில்.
மதலைமுத்து இப்படியும் அப்படியும் தலை சாய்த்துப் பார்த்தார்,
பில்லில் கையெழுத்துப் போட்டார்.

மூட்டை கட்டும்போது
டப்பா அடியில் கொஞ்சம்
டெயில் லைட் சிவப்பு ஒட்டியிருந்தது.
யாரும் இல்லை.
பையனின் இடது காதில்
ஒரே ஒரு தொடல்.

ஞாயிற்றுக்கிழமை பொடிசுகள் வந்து
சுவரைப் பார்த்தார்கள்.
ஒருத்தனும் ஒன்றும் கேட்கவில்லை.
ஒவ்வொருத்தனாய்
தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.