இரண்டே முக்கால்

பூ வைக்கக் கூடாது. பவுடர் கூடாது.
நெயில் பாலிஷ் உதிராமல் இருந்தால் பரவாயில்லை.
இதைச் சொல்லும்போது இன்பசாகரன்
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கவுன், தொப்பி, முகக்கவசம், இரட்டைக் கையுறை.
வெளியே அக்கினி நட்சத்திரத்தில்
தரமணி வெந்துகொண்டிருந்தது.
உள்ளே எனக்கு விரல் விறைத்தது.

ஒரு துண்டு சிலிக்கான்
உள்ளங்கை அகலம்,
ரேஷன் கார்டில் பாதிகூட இல்லாத தடிமன்.
குனிந்தால் என் கண்கள் மட்டும் தெரியும் அதில்.
ஊசியை இறக்கி
ஐந்தைந்து வோல்ட்டாக ஏற்றி
கசிகிறதை எழுத வேண்டும்.
அதன் பெயர் இருட்டு மின்னோட்டம்.
பெட்டியை மூடி, குடைத்துணி போர்த்தி,
ஒன்றுமே நடக்காதபோது
எவ்வளவு நடக்கிறது என்று பார்ப்பது.

அம்மா கேட்டாள், என்ன வேலைடி அது?
ஓட்டை இருக்கான்னு பாக்குற வேலை.
கொடத்துக்கா?
வியாசர்பாடியில் அன்று லாரி வரவில்லை.
ஆமாம்மா என்றேன்.
பெரிய பொய்யில்லை.

காலையில் சோதித்தவை எல்லாம் தேறின.
அறுநூறு வோல்ட்டிலும் கோடு
படுத்தே கிடந்தது.
சாப்பிட்டு வந்த பிறகு எடுத்தவை
முந்நூறைத் தாண்டுவதற்குள்
பாம்பு மாதிரி எழுந்து நின்றன.
ஒன்று, நான்கு, ஒன்பது, பதினான்கு.
சிவப்பு ஸ்டிக்கர் தீர்ந்துபோய்
ஜெஸிந்தா பேனாவால் பெருக்கல் குறி போட்டாள்.
தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு
ஊசி பிடித்தால் இப்படித்தான் என்றார் இன்பசாகரன்.
நான் மூன்று நாள் சாப்பிடாமல் பிடித்தேன்.
அப்போதும் எழுந்து நின்றது.
ராத்திரி படுத்துக்கொண்டு
என் விரல்களைத்தான் சந்தேகப்பட்டேன்,
கட்டைவிரலை, பிறகு ஆள்காட்டியை.

லாக் புத்தகத்தில் நேரம் மட்டும் பொய் சொல்லவில்லை.
இரண்டு நாற்பது. இரண்டு ஐம்பது.
இரண்டே முக்கால், இரண்டே முக்கால்.
ஒரு புதன்கிழமை மட்டும் நாலரை வரை ஒன்றுமில்லை.
அந்தப் புதன்கிழமையை எனக்கு ஞாபகமிருந்தது.
சாயங்காலம்வரை மேல்காற்று,
பஸ் ஸ்டாப்பில் ஒருவர் வானத்தைத் திட்டினார்.

மறுநாள் டீக்கடையில் நின்றேன்.
பெஞ்சில் கிடந்த பேப்பர்
தானாக ஒரு பக்கம் புரண்டது.
வந்துடுச்சுப்பா, என்றார் மாஸ்டர்,
சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி.
தெருவே கிழக்கே பார்த்து மூச்சு விட்டது.
மணி இரண்டு நாற்பத்திரண்டு.
டீயை வைத்துவிட்டு ஓடினேன்.

ஈரமானி அறுபத்தொன்று காட்டியது.
காலையில் முப்பத்தெட்டு.
பெட்டிக்குள் உலர்ந்த நைட்ரஜன் ஊத வேண்டிய சிலிண்டர்
மூலையில் சங்கிலி கட்டி நின்றது.
முள் பாதியில், நல்ல பிள்ளையாக.
விரலால் சுண்டினேன்.
பூஜ்யத்தில் விழுந்தது.

கடலை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை,
இந்த ஊரில் இருந்துகொண்டு.

அம்பத்தூரிலிருந்து புதிய சிலிண்டர்
இரண்டு நாள் கழித்து வந்தது.
பதினான்கையும் திரும்பப் போட்டோம், மூன்று மணிக்கு,
ஜன்னல் கண்ணாடியில் காற்று மோதும்போதே.
பதினொன்று படுத்தே கிடந்தன.
இரண்டு பிறக்கும்போதே பழுது.
ஒன்றில் மெல்லிய கீறல்,
நகக்கண் அளவு.
அது என்னுடையது.
எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.
இன்பசாகரன் தயிர்சாதத்தைப் பற்றி
அப்புறம் பேசவில்லை.

தேறியவை எங்கோ பூமிக்கடியில்
வருஷக்கணக்காக விழித்திருக்கும்,
கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்குள்
கடந்து போகிற ஏதோ ஒன்றுக்காக.
கீறியதை எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

டிபன் பாக்ஸில் வைத்திருக்கிறேன்.
பறக்கும் ரயில் கோட்டூர்புரம் தாண்டி
ஆற்றின் மேல் ஏறும்போது மூடியைத் திறந்தேன்.
வாசலில் தொங்கியவர்கள்
காற்றுக்கு முகம் கொடுத்தார்கள்.
அதுவும் கொடுத்தது.
ஊசியில்லை, பெட்டியில்லை,
எவ்வளவு கசிந்தது என்று
யாரும் எழுதவில்லை.