எர்ணாவூர் வழி, ஐந்தரை கிலோமீட்டர்

ஷூ லேஸ் கட்டுமுன் மொட்டைமாடிக்குப் போய்
காற்றை முகர்ந்து பார், ஜெசிந்தா.
கச்சான் என்றால் மணலி நெடி,
அன்றைக்கு வேகம் வேண்டாம், வாயை மூடிக்கொண்டு ஓடு.
வாடை என்றால் எண்ணூர்ச் சாம்பல்,
கண்ணாடி போட்டுக்கொள்.
தென்றலை நம்பாதே.
காசிமேட்டைத் தாண்டித்தான் வருகிறது,
முதல் கிலோமீட்டரிலேயே பசியைக் கிளப்பிவிடும்.
கொண்டல் அடிக்கிற நாளில் மட்டும்
உப்பைத் தவிர வேறெதுவும் கலக்காத மூச்சு.
அன்றைக்கு ஆபீசுக்குத் தாமதமானால் ஆகட்டும்.

நாலே முக்காலுக்குக் கிளம்பிவிட வேண்டும்.
எக்ஸ்பிரஸ் சாலையில் இரவெல்லாம்
துறைமுகத்துக்கு வரிசையில் நின்ற கன்டெய்னர்கள்
இன்னும் நின்றுகொண்டிருக்கும்.
லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே
ஓர் ஆள் அகலம்.
அதுதான் நம் டிராக்.
டயரில் ஒரு காலை வைத்துப் பல் துலக்கும்
நாமக்கல் டிரைவர் ஒருத்தர்
முதல் நாள் கேட்டார்,
"யாரும்மா தொரத்துறாங்க?"
அடுத்த லோடுக்கு வந்தபோது
துப்ப வந்ததை வாயிலேயே வைத்துக்கொண்டு
வழிவிட்டார்.

எடைமேடை வாசலில் மூன்று நாய்கள்.
கறுப்புக்கு ஓடுகிறவர்களைப் பிடிக்காது.
நட.
பஞ்சர் கடையோடு அதன் ராஜ்ஜியம் முடிகிறது,
அப்புறம் ஓடலாம்.

போனில் வழி சொல்கிறவள்
மேம்பாலம் வருமுன் உன் காதில் சொல்வாள்:
இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்.
திரும்பாதே.
வலதுபுறம் கடல்.
வரைபடத்தில் அங்கே ஒரு தெரு இருக்கிறது,
பெயர்கூட இருக்கிறது, நாலாவது குறுக்குத் தெரு.
நேரில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள்,
கல்லுக்கு மேல் நுரை.
நீ நேரே போனால்
"வழி மாற்றப்படுகிறது" என்பாள்,
கொஞ்சம் கோபமாக.

அங்கேதான் எதிரில் ஒரு சைக்கிள் வரும்.
கியர் இல்லாத பழைய வண்டி,
ஹேண்டிலில் சாப்பாட்டுத் தூக்கு,
நைட் ஷிப்ட் முடித்த வெல்டர் பிலவேந்திரன்.
ஏழு மாதம் பெயர் தெரியாது எனக்கு.
மணி ஒரு தடவை அடிப்பார்,
எனக்கென்று நினைத்துக் கையைத் தூக்குவேன்.

ஒருநாள் செயின் அறுந்து தள்ளிக்கொண்டு வந்தார்.
நானும் திரும்பி அவர்கூட நடந்தேன்.
வாட்ச் அதிர்ந்து கேட்டது,
நடைப்பயிற்சியா?
"நாலாவது குறுக்குல ஏழாம் நம்பர் நம்ம வூடு.
அங்கதான் ஓட்டப் பழகுனேன்.
பிரேக்கு கெடயாது,
தெரு முடிஞ்சா மணலு,
மணல்ல சொருவி நின்னுக்கும்."
அவ்வளவுதான் சொன்னார்.
மணி எனக்கு அடித்ததில்லை என்று
அப்போதுதான் புரிந்தது.
கொஞ்சம் வெட்கமாக இருந்தது,
ஏழு மாதம் தூக்கிய கையை நினைத்து.

"ஒன் போன்ல இன்னுமா கீது? காட்டு."
இரண்டு விரலால் விரித்தார்.
தெரு பெரிதானது, இன்னும் பெரிதானது,
பிறகு வெறும் சாம்பல் கோடு,
ரெண்டு பக்கமும் நீலம்.
செயின் கிரீஸ் கண்ணாடியில் அப்பிக்கொண்டது.
ஈரத் துணியால் துடைத்தேன்,
ஓரத்தில் கொஞ்சம் இருக்கிறது,
ஏழாம் நம்பருக்கு மேலா என்று
பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து ரெண்டு தடவை அடிக்கிறார்.

நீ புது ஆள், உனக்கும் அடிப்பார் என்று சொல்ல முடியாது.
திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தால்
நின்ற இடத்திலேயே ஓடு.
கூட்ஸ் வண்டி நாற்பத்தெட்டு வேகன்,
சில நாள் ஐம்பத்திரண்டு.
டூவீலர்க்காரர்கள் சிரிப்பார்கள்.
வாட்ச்சை நிறுத்தாதே,
நிறுத்தினால் மறுபடி போட மறந்துவிடும்,
கடைசி கிலோமீட்டர் கணக்கில் வராது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை.
சில்லறை எடுத்து வா.
அவன் போனில் வாங்கமாட்டான்.